பதுளைக்கு வந்த குளிர்ப் படகு

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு தீர்மானம் எடுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு கதவாவது நான் சாத்தினால் சாத்தியபடி இருக்க வேண்டும்.

அது பெரிய ஆசையா? பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். சிலர் ராஜ்யம் கேட்கிறார்கள். சிலர் மோட்சம் கேட்கிறார்கள். நான் ஒரு தாழ்ப்பாள் கேட்டேன்.

பதுளையில் எங்கள் வீட்டுக்குக் கதவென்று ஒன்றுதான். பகலில் அதைச் சாத்தும் வழக்கமில்லை. உள்ளே எல்லாம் சீலைத் திரை. எழுபத்தொன்பதாம் வருடம் ஐப்பசியில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண் குழந்தை பெற்றாள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு யார் தட்டிவிட்டு வருகிறார்கள்? நமுனுகுலத் தோட்டத்திலிருந்து என் மனைவி இராக்கம்மாவின் அக்கா தங்கைகள் வந்தார்கள். மழையைக் காரணம் சொல்லித் தங்கினார்கள். எல்லோரும் தேயிலைச் சரிவில் கொழுந்தெடுத்தவர்கள். இந்த மலையிலிருந்து அந்த மலையோடு பேசிப் பழகிய குரல்கள். என் வீட்டில் அவர்களுக்கு நடுவே இருந்த ஒரே பள்ளத்தாக்கு நான்.

மழையும் விடவில்லை. குழந்தைத் துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி இராக்கம்மா காயவைத்தாள். துணியில் புகை ஏறியது. என் பேரன் பிறந்த மாதத்திலேயே கருவாட்டு வாசனையோடு இருமினான். அதைக் கேட்டு இராக்கம்மா அழுததை ஒருமுறை பார்த்தேன். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரையை விலக்கிக்கொண்டு ஒரு மைத்துனி வந்துவிட்டாள்.

அப்போதுதான் படகு வந்தது.

நான் குளிர்ப்பெட்டி பழுது பார்ப்பவன். தோட்டத்து பங்களாக்களுக்கும் பஜாரில் ஐஸ்கிரீம் கடைகளுக்கும் என்னைத் தெரியும். ஹாட்வெயார் கடை ஸரூக் முதலாளி ஒரு காலை லொறியோடு வந்து நின்றார். லொறியின் முதுகில் ஒரு படகு. கொழும்பிலிருந்து ஹல்துமுல்லை வளைவுகளில் முக்கி முனகி ஏறி வந்திருந்தது.

"என்ன முதலாளி இது?"

"படகு, பாஸ்."

"அது தெரியுது. பதுளையில எதுக்கு?"

"இங்கினியாகலக் குளத்துல ஓட்டப் போறன். டூரிஸ்ட் வெள்ளக்காரனுகளுக்கு வேர்க்குதாம். உள்ளுக்கு ஏசி ஈக்குது. ஆனா கடல் காத்துல துருப்புடிச்சிப் போச்சு. அதக் கழட்டிட்டு இந்தப் புது மிஷினப் பூட்டித் தாங்க. குளம் வத்தாம ஈக்கிற நேரம் கொண்டு போவம்."

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஹம்ஸியாவின் வீட்டுக்கும் நடுவில் இருந்த வெறும் வளவில், மரக்கட்டைகளின் மேல் படகை இறக்கினார்கள். தெருவே கூடியது. வெள்ளம் வரப் போகிறதா என்று பயந்துபோய்க் கேட்டார்கள். இராக்கம்மா வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"என்னாங்க, பதுளைக்குக் கடல் வருதாமே? எந்த பஸ்ல வருது?"

மைத்துனிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் கண் படகின் அறைக் கதவிலேயே இருந்தது. கனமான மரக்கதவு. சுற்றிலும் ரப்பர் விளிம்பு. பித்தளைக் கைப்பிடி. உள்ளே போய் மெதுவாகச் சாத்தினேன்.

சத்தம் நின்றது. மழை நின்றது. மைத்துனிகள் நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலையை ஒழுங்காகச் செய்தேன். அதில் நான் யாரையும் ஏமாற்றவில்லை. பழைய மிஷினைக் கழற்றினால் தகரம் கையோடு உதிர்ந்தது. உள்ளே ஒரு காய்ந்த நண்டு. அறையின் பின்சுவரில் பலகையை அறுத்து, படகின் குலுக்கல் தாங்க ரப்பர் கட்டை வைத்து, தண்ணீர் வெளியே வடியும்படி சற்றுச் சாய்த்துப் புது மிஷினைப் பொருத்தினேன். வீட்டிலிருந்து கரண்ட் இழுத்தேன். முதல் முடுக்கிலேயே ஓடியது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது.

முடிந்ததென்று சொன்னால் லொறி வந்துவிடும். கதவு போய்விடும்.

அன்று சோறு சாப்பிடும்போது இராக்கம்மாவிடம் சொன்னேன்.

"இனித்தான் பெரிய வேலையே. சோதிச்சுப் பாக்கணும். குளத்து நடுவுல நின்னு போனா யாரு பொறுப்பு? தெனமும் நான் உள்ள உக்காந்து பாக்கணும். கதவத் தொறக்கக் கூடாது. பேச்சுச் சத்தம் ஆகாது."

"மிஷினுக்கா ஆகாது?"

"மிஷினுக்குத்தான்."

"அது பாட்டுக்கு ஓடாதா? நீங்க எதுக்கு உள்ள?"

இங்கேதான் நான் வழுக்கினேன். அறிவைக் காட்டும் ஆசை எந்த வயதில்தான் மனிதனை விடுகிறது?

"உள்ள சூடு இருந்தாத்தான் மிஷின் ஓடும். குளுந்துருச்சுன்னா தானா நின்னுரும். மனுச ஒடம்பு ஒரு சூடு. அதுக்குத்தான் ஆள் வேணும்."

"எடுக்கிற சூட்ட அது என்னா பண்ணும்?"

"பின்பக்கமா வெளிய ஊதிரும்."

அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"பாவம்" என்றாள். "தனியா உக்காந்திருப்பீங்க."

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னைப் பாவம் என்றது அதுதான் முதல் தடவை. நான் உஷாராகியிருக்க வேண்டும். நெகிழ்ந்து போனேன்.

மறுநாள் உள்ளே உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்தது. கேத்தல் நிறையத் தேத்தண்ணி. இராக்கம்மாதான். வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அதே நாளில் ஸரூக் முதலாளியிடம் கேட்டு ஒரு லொறிப் படங்கு வாங்கி, படகின் பின்பக்கத்திலிருந்து ஹம்ஸியா வீட்டு வேலி வரைக்கும் கூரைபோல இழுத்துக் கட்டவும் வைத்தாள்.

"மிஷின் மேல மழ படக்கூடாதுல்ல" என்றாள்.

என் தொழில்மீது அவளுக்கு இவ்வளவு அக்கறையா?

நாட்கள் போயின. பதுளையின் மழைக்காலத்தில், கம்பளிக்குள்ளேயே விறைக்கிற ஊரில், ஏசிக்குள் உட்கார்ந்திருந்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். பழைய துரை ஒருவர் கொடுத்த கோட்டைப் போட்டேன். மப்ளரைச் சுற்றினேன். மூக்கு ஒழுகியது. மிஷினை நிறுத்தவும் முடியாது. ஸரூக் முதலாளி கடைக்குப் போகிற வழியில் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போவார். என் பொய் என்னை உள்ளே வைத்து ஓடிக்கொண்டிருந்தது.

அமைதிக்குள் உட்கார்ந்தால் நல்ல நினைவுகள் வரும் என்று எண்ணியிருந்தேன். வந்தவை வேறு. இந்த இராக்கம்மாவுக்கு நான் என்ன செய்தேன்? அவள் அழுதபோது என்ன சொன்னேன்? மைத்துனிகளைவிட என் மனச்சாட்சிக்குக் குரல் பெரிதாக இருந்தது. அதற்கு ரப்பர் விளிம்பு போட்ட கதவு கிடையாது.

இராக்கம்மாவின் கவனிப்போ கூடிக்கொண்டே போனது. காலையில் கேத்தல். பிறகு ஆவி பறக்க ஒரு சட்டி மரவள்ளிக்கிழங்கு. பிறகு மூடி போட்ட பெரிய குண்டானில் வெறும் சுடுதண்ணி.

"இது எதுக்கு?"

"சளி புடிச்சிருக்கே. பக்கத்துல இருக்கட்டும்."

ஆறினால் எடுத்துக்கொண்டு போய் வேறு வைத்தாள். என் தும்மல் அவளை இவ்வளவு வருத்துகிறதா என்று உருகினேன். குழந்தையின் இருமலும் குறைந்திருந்தது. தூக்கினால் புகை நாற்றம் இல்லை. பகலில் மழை விட்டிருக்கும் என்று நினைத்தேன். கதவு சாத்தியிருந்தால் மழை கேட்காதல்லவா.

ஒரு மத்தியானம் என்னால் தாங்க முடியவில்லை. குளிரை அல்ல, குற்ற உணர்ச்சியை. இப்படிப்பட்டவளிடம் பொய் சொல்லிவிட்டு இங்கே ஒளிந்திருக்கிறேனே! உண்மையைச் சொல்லிவிடுவோம். மன்னிப்புக் கேட்போம். குழந்தையையும் அவளையும் இந்த அறையில் ஒருமுறை உட்கார வைப்போம். எழுந்து மிஷினை நிறுத்தினேன். பின்சுவருக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது.

"ராக்கம்மா அக்கா! மிஷின் நின்டு போச்சு!"

ஹம்ஸியா.

"உள்ள சூடு பத்தல போல" என்றது என் மனைவியின் குரல். "இரு, குண்டான மாத்தி வைக்கிறேன்."

இறங்கிப் படகைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.

படங்கின் கீழே வரிசை வரிசையாகக் கொடிகள். என் பேரனின் துணிகள். மகளின் சேலைகள். ஹம்ஸியா பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்புகள். மைத்துனிகள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணிகள். தெருவில் யாருடையது என்றே தெரியாத இரண்டு சாரங்கள். எல்லாம் என் மிஷினின் முதுகுக்கு நேரே தொங்கின. நடுவில் முக்காலி போட்டு மைத்துனிகள் கால் நீட்டிக் குளிர் காய்ந்தார்கள். பதுளையிலேயே அன்றைக்கு வெதுவெதுப்பான இடம் அதுதான்.

என்னைக் கண்டதும் ஹம்ஸியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இராக்கம்மா பொத்தவில்லை.

"ஏன் வெளிய வந்தீங்க?"

"வேலை..." என்றேன். "வேலை முடிஞ்சிருச்சு."

"அது அன்னைக்கே தெரியும். சாமான் பொட்டியத் தொடச்சுப் பூட்டினீங்களே. வேலை முடியாம நீங்க என்னைக்கு அதப் பூட்டியிருக்கீங்க?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா வெளிய வந்துருவீங்களே."

ஒரு மைத்துனி முக்காலியிலிருந்து நழுவி விழுந்து சிரித்தாள். நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"அப்ப அந்தத் தேத்தண்ணி? கெழங்கு? சுடுதண்ணி?"

இராக்கம்மா கொடியிலிருந்து ஒரு சின்னத் துணியை எடுத்தாள். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தில் வைத்தாள். சூடாக இருந்தது. பஞ்சுபோலக் காய்ந்திருந்தது. எந்த வாசனையும் இல்லை.

"புள்ள இருமி நாலு நாளாச்சு" என்றாள் மெதுவாக. "மொத நாளு தேத்தண்ணி ஒங்களுக்குத்தாங்க."

கோபப்படத்தான் வந்தேன். எதை வைத்துக் கோபப்படுவது? நான் அவளிடமிருந்து ஒளிய ஒரு அறை தேடினேன். அவள் அந்த அறையின் மறுபக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டாள். வாழ்நாளில் என் உடம்புச் சூடு யாருக்காவது உபயோகப்பட்டது உண்டென்றால் அது அந்த மாதத்தில்தான்.

"முதலாளிக்கு என்ன சொல்ல?"

"சோதனை நடக்குதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னதுதானே. போங்க, கதவ நல்லாச் சாத்துங்க."

போனேன். சாத்தினேன். ஐம்பத்து நான்கு வயதில் என் தீர்மானம் நிறைவேறியது. அந்தக் கதவை இனி யாரும் திறக்கப் போவதில்லை. என்னையும் திறக்க விடப் போவதில்லை.

புதுக் கேத்தல் மட்டும் வந்தது. மனம் கசந்திருந்தது. ஒரு வாய் தேத்தண்ணி குடித்தால் தேவலை என்று கேத்தலைத் தூக்கினேன். பக்கச்சுவரின் வட்டக் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். கண்ணாடி நிறைய இராக்கம்மாவின் முகம்.

"அதக் குடிச்சிராதீங்க! ஹம்ஸியா வீட்டுப் போர்வ இன்னும் காயல!"