சுண்ணாம்பு சாரின் மைதானம்

எங்கள் காலனியில் சுண்ணாம்பு சாரோடு சண்டையே போடாதவன் என்று யாராவது தன்னைச் சொல்லிக்கொண்டால், அவர் நேற்றுச் சாயந்திரம்தான் குடிவந்திருக்கிறார் என்று அர்த்தம். பால்காரர், பூசாரி, மாடி வீட்டு டாக்டர், எருமைக்காரர் எல்லோரும் போட்டாயிற்று. சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் எனக்கு மட்டும் வாரத்துக்கு இரண்டு.

எல்லாம் ஒரு காலி மனையால் வந்த வினை. திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற வழியில் எங்கள் காலனி. லேஅவுட் போடும்போது பொது உபயோகத்துக்கென்று கொஞ்சம் இடம் விட வேண்டும். பிளானில் அதற்குப் பச்சை அடிப்பார்கள். அடிப்பதோடு சரி. எங்கள் பச்சையில் முள்செடி, இடித்த வீட்டுச் செங்கல், நாலு எருமை, மலைக்கு வருகிறவர்களின் வேன்கள், அப்புறம் என் கார். மனை என் வீட்டை ஒட்டியிருந்ததால் அதை என்னுடைய கார் ஷெட் என்றே நம்பத் தொடங்கியிருந்தேன்.

சாருக்குச் சொந்த ஊர் குடிபாலா. சித்தூரில் ஓர் ஆபீஸில் லேஅவுட் வரைந்து வரைந்தே ரிட்டயர் ஆனவர். எங்கள் காலனியை வரைந்ததும் அவர்தான். வேறு ஊரே கிடைக்காத மாதிரி, வரைந்த இடத்திலேயே வீடு வாங்கி வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் ஒரு கையில் டேப், இன்னொரு கையில் ஒரு வாளிச் சுண்ணாம்புத் தூள். அத்தோடு அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

எருமைகளை ஓட்டினார், முள்ளை வெட்டினார், செங்கல்லை ஓரம் கட்டினார். அதுவரை சந்தோஷம்தான். பிறகு கோடு போட ஆரம்பித்தார். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மூலை, பாண்டி ஆட ஒரு மூலை, நடுவில் கபடி, சுற்றி நடக்கிறவர்களுக்குப் பாதை. ஊஞ்சல் மேற்கே பார்த்து இருந்தால் வெயில் கண்ணில் குத்தும், கிழக்கே பார்த்து இருந்தால் கபடிக்காரன் மேலே விழும் என்று, இல்லாத ஊஞ்சலுக்காக மூன்று நாள் யோசித்தார். கிரிக்கெட் காலை எட்டு மணி வரைதான். எட்டு மணிக்குப் பையன் பந்தை ஓங்கி அடித்து அது ஆகாயத்தில் இருந்தாலும் விசில் ஊதிவிடுவார். வாட்ஸ்அப் குழுவில் தினமும் டைம்டேபிள் வரும். நடைபாதையில் இடமிருந்து வலமாகத்தான் நடக்க வேண்டும் என்று டாக்டரையே திருப்பி அனுப்பினார்.

“ஆடறதுன்னா பிளான் வேணும் சார். எடத்தை வுட்டுட்டா மட்டும் போதுமா?” என்பார். சார் என்பதையும் நீ என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிற எங்கள் பக்கத்து மரியாதை அவருக்கு நன்றாக வரும்.

அதற்கப்புறம் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வந்தார். யாருக்கு என்ன விளையாட்டுத் தெரியும், யாருக்கு என்ன ஆசை என்று கணக்கெடுப்பாம். ஞாயிற்றுக்கிழமை, நான் அப்போதுதான் சாப்பிட்டு முடித்துக் கண்ணை மூடியிருந்தேன்.

“நீ இன்னா ஆடுவே சார்?”

எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். பூஜ்யம் போட்டுக்கொண்டார். உடனே கிளம்பியிருக்கலாம். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த என் மனைவி சரளாவிடம் திரும்பி, “நீ இன்னாம்மா ஆடுவே?” என்றார். அவளை என்னத்துக்குக் கேட்கிறீர்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் பக்கம் பார்க்காமலே பதில் சொன்னாள்.

“ரிங் பால். நகரி ஸ்கூல்லே நான்தான் கேப்டன்.”

ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசிப் பிடிக்கிற அந்த ஆட்டத்தை இவள் ஆடினாள் என்பதே எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க எங்க கேட்டீங்க?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வழக்கம்போல சார் மேல்தான் வந்தது.

மறுநாள் நாற்பதடிக்குப் பதினெட்டடி அளந்து ரிங் பால் கோடு போட்டார், என் கார் நிற்கிற இடத்தில். ஏனய்யா இங்கே என்றால், சாயந்திரம் என் வீட்டு நிழல் அங்கேதான் விழுகிறது, ரோட்டில் போகிறவன் பார்வையும் படாது, அப்போதுதான் பொம்பளைங்க வருவாங்க என்றார். பதில் சொல்ல முடியாதபடி நியாயமாக இருந்ததால் இன்னும் எரிச்சலாக இருந்தது. காரை எடுக்க மாட்டேன் என்றேன். அவரும் எடுக்கச் சொல்லவில்லை. தினமும் காலையில் டயர் வரைக்கும் கோடு போட்டு, அந்தப் பக்கம் போய் மிச்சக் கோட்டைப் போடுவார்.

ஒரு நாள் பொறுமை போய், சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். மனையில் ஃபங்ஷன் ஹால் கட்டுவது, கீழே கார் நிறுத்துவது. காதுகுத்து, சீமந்தம் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். பாதிக் கைகள் ஹாலுக்காக, மீதி சாருக்கு எதிராக. கடைசியில் அவர் எழுந்தார்.

“சர்வீஸ் பூரா பச்சை அடிச்சேன் சார். இன்னைக்கு அதுலே எல்லாம் தண்ணி டேங்க் கீது, கடை கீது, ஹால் கீது. ஒண்ணுலேயாவது ஒரு புள்ள ஓடி நான் பாத்ததில்லே. இந்த ஒண்ணையாவது வுட்டுருங்க.”

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அன்று ராத்திரி சரளா தட்டை வைத்துவிட்டு, ரசம் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஹால் கட்ட அனுமதி கேட்டு மனு கொடுத்தோம். இடத்தைப் பார்க்க அதிகாரி வருகிற நாளும் தெரிந்தது. அன்று விடியற்காலையிலேயே சார் இரண்டு வாளி காலிசெய்து, எல்லாக் கோடுகளையும் பட்டை பட்டையாகப் போட்டு வைத்தார். அதிகாரி வந்தது மே மாதத்து மத்தியானம் ஒரு மணிக்கு. மைதானத்தில் ஒரு நாய்கூட இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று மனுவின் நகலோடு நான் முன்னால் போனேன்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை. “எவரய்யா இக்கட முக்கு போசிந்தி?” என்றார். இங்கே யார் சுண்ணாம்புக் கோடு போட்டது என்று கேட்கிறார். எங்கள் ஊரில் காலி மனையில் சுண்ணாம்புக் கோடு விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நாளைக்கு அஸ்திவாரம், நாளன்றைக்குத் தூண். பாதி ஊர் ஆக்கிரமிப்பு அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. அவர் கண்ணுக்கு ரிங் பால் ஒரு டபுள் பெட்ரூம் வீடு, பாண்டிக் கட்டம் வரிசைக் கடைகள், நடைபாதை காம்பவுண்டுச் சுவர்.

சார் ஓடிவந்து இது கபடி, இது ரிங் பால் என்று விளக்கினார். இதுமாதிரி எத்தனை கதை கேட்டிருக்கிறேன் என்று அதிகாரி சிரித்தார். பிறகு என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தார். கட்டட அனுமதி கேட்டு மனு, கீழே என் கையெழுத்து, கோட்டுக்குள் என் கார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அனுமதி வருவதற்கு முன்பே கடைக்கால் தோண்டப் பார்த்த அந்தத் திருடன் நான்தான். தெருவே வேடிக்கை பார்க்க, தெலுங்கில் எனக்கு விழுந்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது. சாயந்திரத்துக்குள் இரும்புப் பலகை நட்டுவிட்டார்கள்: அரசு இடம், எந்தக் கட்டுமானமும் கூடாது, மீறினால் நடவடிக்கை. எங்கள் ஹால் அன்றோடு முடிந்தது.

இந்த மனிதர் சந்தோஷப்பட வேண்டாமா? நேரே என் வீட்டுக்கு வந்து நின்றார். பலகையைக் கபடிக் கோட்டுக்குள் நட்டுவிட்டார்களாம். அதை ஒன்பதடி தள்ளி நடச் சொல்லிச் செயலாளராகிய நான் கடிதம் எழுத வேண்டுமாம். நான் கத்தின கத்தலில் மாடி டாக்டர் எட்டிப் பார்த்தார். சார் நிதானமாகக் கேட்டுவிட்டுப் போய், பலகைக்கு இடம் விட்டு மொத்த மைதானத்தையும் புதிதாக அளந்து கோடு போட்டார்.

மறுநாள் காலையில் நானே காரை எடுத்துத் தெருக்கோடியில், தேங்காய் எப்போது விழுமோ என்று பயந்துகொண்டு ஒரு தென்னைக்கடியில் நிறுத்தினேன். சாயந்திரம் சரளா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரோடு மனைக்குப் போனாள். முதல் வளையத்தையே எம்பிப் பிடித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவளைச் சுற்றிப் பிள்ளைகள் எல்லாக் கோட்டையும் மிதித்துக்கொண்டு தாறுமாறாக ஓடின. சார் வாயில் விசில் இருந்தது. ஊதவில்லை. கையில் காலி வாளியோடு, கண்ணைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்பாக ஏதாவது சொல்லலாமென்று தொண்டையைச் செருமினேன்.

“சார், கபடிக் கோட்டு மேலே நிக்கறே. தள்ளி நில்லு” என்றார்.

தள்ளி நின்றேன். இருட்டுகிறவரை வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.