ஆயிரமாவது தலைமுறைக் காளை

"வெளிய வரமாட்டேங்குதுடி."

"எது?"

"மாடுதான். எல்லா மாடும். இங்கிட்டு வந்து நீயே பாரு," என்றாள் பிரகதீஸ்வரி.

ஜாஸ்பின் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். பச்சைப் பொட்டல். அதன் ஓரத்தில் ஒரு வாடிவாசல். வெளியே மஞ்சள் பனியன் போட்ட குட்டி வீரர்கள் கையை விரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே காளை சாமி சிலை மாதிரி நின்றது. நேரம் முடிந்ததும் ஸ்பீக்கர் அலறியது: "மாடு ஜெயிச்சிருச்சு! மாட்டுக்காரர் வந்து அண்டாவை வாங்கிக்கங்கப்பா!"

அந்தக் குரல் ஜாஸ்பினுடைய சித்தப்பாவுடையது. ஆவூர்ப் பக்கத்து ஜல்லிக்கட்டுகளில் மைக் பிடிப்பவர். நிஜமாக இருக்கட்டும் என்று ஜாஸ்பின்தான் பதிவு செய்து சேர்த்திருந்தாள்.

"அந்த ஆளை முதல்ல நிறுத்து," என்றாள் பிரகதி.

"எங்க சித்தப்பாவையே ‘ஆளு’ங்கிறியா? மாடு வரலைன்னா அவரு என்ன பண்ணுவாரு?"

திருமயம் சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் அது. இருவருக்கும் இறுதியாண்டு. கணினிக்குள் செயற்கை உயிர்களை வளர்ப்பதுதான் அவர்களுடைய புராஜெக்ட். யாரும் அவற்றுக்கு எதையும் கற்றுத் தரமாட்டார்கள். அதிகப் புள்ளி எடுத்த உயிருக்கு அதிகக் கன்றுகள் பிறக்கும். ஒவ்வொரு கன்றும் பெற்றதைவிடக் கொஞ்சம் மாறிப் பிறக்கும். ஒரு டீ குடித்து வருவதற்குள் நூற்றுக்கணக்கான தலைமுறைகள் போய்விடும். முதலில் புழுக்களைத்தான் வளர்த்தார்கள். "புழு நெளியிறதப் புதுக்கோட்டையில எவன் பாப்பான்?" என்று ஜாஸ்பின் சொன்னதால் புழு காளையானது.

மதியம் வைவா, வாய்மொழித் தேர்வு. தேர்வாளராக வரும் ரத்தினவேல் சார், "இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று ஒரே கேள்வி கேட்டுப் போன வருடம் பாதி வகுப்பைக் கவிழ்த்தவர். இதில் தோற்றால் பிரகதிக்குக் கிடைத்திருந்த ஓசூர் வேலை போய்விடும். அந்த வேலைக்காக அவள் மனசுக்குள் ஏற்கெனவே ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் போட்டு, குளிருக்கு ஸ்வெட்டரும் வாங்கிவிட்டிருந்தாள்.

"புரிஞ்சுருச்சு," என்றாள் பிரகதி. "பிடிபடாத மாட்டுக்குப் புள்ளின்னு எழுதியிருக்கோம். வெளியவே வராத மாட்ட எவன் பிடிப்பான்? உள்ள நின்னா புள்ளி கழியும்னு போட்டுடறேன்."

போட்டாள். காளைகள் பாய்ந்து வந்தன. இருவரும் கைதட்டினார்கள். பிறகு ஜாஸ்பின் கையை நிறுத்தினாள்.

"ஏய், திமில் எங்கடி?"

திமில் இல்லை. ஜல்லிக்கட்டில் திமிலைத்தான் பிடிக்க வேண்டும். வாலைப் பிடித்தாலோ கொம்பைப் பிடித்தாலோ ஆட்டத்தில் சேராது. ஆகவே திமில் சின்னதாக இருந்த காளைகள் தப்பின; அவற்றின் கன்றுகளுக்கு அது இன்னும் சின்னதானது; கடைசியில் இஸ்திரி போட்ட முதுகோடு ஒரு பிராணி ஓடியது. வீரர்கள் பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றை அணைத்துக்கொண்டு விழுந்தார்கள்.

"மாட்டுக்காரர் வந்து அண்டாவை வாங்கிக்கங்கப்பா!"

"திமில் இந்த அளவுக்குக் கீழ குறையக்கூடாதுன்னு போடு," என்றாள் ஜாஸ்பின்.

குறையவில்லை. வயிற்றுக்கு அடியில் போய்த் தொங்கியது.

"ஐயோ, இதப் பாத்தா எங்க ஊர்ல கேஸ் போட்டுருவாங்கடி!"

திமிலை முதுகில் ஆணி அடித்த மாதிரி நிறுத்தினார்கள். சரி, வீரர்களும் கொஞ்சம் புத்தி வளர்த்துக்கொள்ளட்டும் என்று அவர்களையும் பரிணாமத்தில் விட்டார்கள். வீரர்களுக்குப் புத்தி வந்தது. அத்தனை பேரும் கேலரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நடு மைதானத்தில் காளை நின்றது. மொய் எழுத வந்து பந்தி தெரியாமல் முழிப்பவர்கள் மாதிரி இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு மணி அடித்தது. பிரகதி வீரர்களைப் பழையபடி ஆக்கினாள். பாதி வெளியே வந்த மாட்டுக்கும் புள்ளி கழிந்துவிடக் கூடாதே என்று, காளையின் எந்தப் பாகமாவது வாசலைத் தாண்டினால் தண்டனை கிடையாது என்று அவசரமாக ஒரு வரி சேர்த்து ஓடவிட்டாள். ஆயிரமாவது தலைமுறை வந்து நின்றபோது கதவைத் திறந்துகொண்டு ரத்தினவேல் சார் வந்தார். வெள்ளைச் சட்டை, இறுகிய முகம்.

"ஓடவிடுங்கம்மா."

பிரகதி பட்டனைத் தட்டினாள்.

வாடிவாசலில் இருந்து ஒரு மூக்கு வந்தது. மூக்கு மட்டும். இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது, உள்ளே போய்விட்டது.

"மாடு ஜெயிச்சிருச்சு!" என்றார் சித்தப்பா.

பிரகதியின் மனசுக்குள் ஓசூர் பஸ் அவளை இறக்கிவிட்டுவிட்டுக் கிளம்பியது.

"திரும்பப் போடுங்க."

திரும்பவும் மூக்கு. திரும்பவும் அண்டா.

சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இன்னொருக்கா."

ஜாஸ்பின் மேசைக்கு அடியில் ஜெபமாலையைத் தேடினாள்.

"இது ஏன் வெளிய வரல? பயமா?"

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பிரகதிக்குத் தோன்றியது. "பயம்னு ஒண்ணு இந்தப் புரோகிராம்லயே கெடையாது சார். வெளிய போன மாடெல்லாம் பிடிபட்டுச்சு. உள்ள நின்னு மூக்க மட்டும் நீட்டுனதுங்க வம்சம்தான் தழைச்சுது. நாங்க எழுதுன விதியில ஓட்டை இருந்துச்சு சார், அத இது கண்டுபிடிச்சிருச்சு."

"யாரும் சொல்லிக்குடுக்காமயா?"

"ஆமா சார்."

"அப்ப இது கோழை இல்ல?"

"கோழையா? இந்த ரூம்லயே அதுதான் சார் புத்திசாலி," என்றாள் ஜாஸ்பின். பிரகதி அவள் காலை மிதித்தாள்.

ரத்தினவேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திமில் இல்லாத காளை, வயிற்றில் திமில் வைத்த காளை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். சிரிக்கவே இல்லை. பிரயோஜனம் என்ற வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. கடைசியில் எழுந்தார்.

"நல்ல வேலை. ரெண்டு பேரும் பாஸ்."

அவர் வெளியே போனதும் பிரகதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி நின்ற காளை ஒருவழியாக இறங்கிப் போன மாதிரி இருந்தது. ஜாஸ்பின் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் பாதி அழுகை. போன பஸ் ரிவர்ஸ் எடுத்து வந்து பிரகதியை ஏற்றிக்கொண்டது. ஜன்னலோரம்தான்.

கதவு மறுபடியும் திறந்தது. இருவரும் துள்ளி எழுந்தார்கள். ரத்தினவேல் சார் காரிடாரை இருபக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கையில் போன். அதை உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருந்தார். இறுகிய முகத்தைக் காணோம்.

"எங்க வீட்டுக் காளை மூணு பொங்கலா வாடிவாசல விட்டு ஒரு அடி எடுத்து வைக்கலம்மா, ஊரே சிரிக்குது, சந்தைக்கு ஓட்டிருன்னு எங்க வீட்டம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க... லைன்லதான் இருக்காங்க, அது கோழை இல்ல புத்திசாலின்னு இப்ப சொன்னீங்கள்ல, அத அப்படியே ஒருக்கா சத்தமா சொல்றீங்களா?"