ஜவுபரை விட ஒரு பாகை குறைவு

சிபானாவின் கம்பியூட்டர் அன்று மூன்றாவது தடவையாக மேசையை நனைத்துவிட்டது.

"இது கம்பியூட்டரா, பச்சப்புள்ளயா?" என்று கேட்டுக்கொண்டே அவள் பழைய சாறன் துண்டொன்றைக் கணவனிடம் எறிந்தாள். "மூத்திரத் துணி கட்டி விடுங்களன்."

மசூர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். கம்பியூட்டருக்கு அடியில் விரித்திருந்த டிஷ்யூத் தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நடுவில் வட்டமாக ஈரம். மின்சாரம் கொடுக்காமல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்த சோதனை என்பதால் உயிர்ச்சேதம் எதுவுமில்லை.

"காலையில விடக் குறைவாத்தான் கசியுது" என்றான்.

"போன கிழமை கசியவே இல்லியே! நல்லா ஓடின சாமான என்னத்துக்குக் கழட்டின நீங்க?"

அதற்கு உண்மையான பதில் மசூரிடம் இருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அந்தப் பதில் கல்முனைப் பிரதான வீதியில், ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால், சிவப்பு எண்ணாக எரிந்துகொண்டிருந்தது.

மசூர் மருதமுனையில் வீட்டு முன்னறையிலேயே கம்பியூட்டர் திருத்துகிறவன். சிபானா நெசவுக்காரர்களுக்குச் சாறன் துணியின் கரை வடிவங்களைக் கம்பியூட்டரில் வரைந்து கொடுக்கிறவள். அவளுடைய கம்பியூட்டர் இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் பெரிய காற்றாடி வைக்க இடமில்லை. பகல் வெயிலில் அவள் வரைய உட்கார்ந்தால், பெட்டி அடுப்பாகக் கொதித்துத் தானாகவே நின்றுவிடும்.

அதற்காக மசூர் தானே ஒரு கூலிங் புளொக் வடிவமைத்தான். தீப்பெட்டி அளவில் ஒரு செம்புக் கட்டி. அதன் வயிற்றுக்குள் வரிவரியாக மெல்லிய கால்வாய்கள். புரோசெசரின் முதுகில் அதை அமர்த்திவிட்டால், ஒரு குழாயால் நுழையும் தண்ணீர் கால்வாய்களில் ஓடிச் சூட்டைச் சுமந்துகொண்டு மற்றக் குழாயால் வெளியேறும். ரேடியேட்டரில் ஆறி, ஒரு சின்ன பம்ப் தள்ளத் திரும்பி வரும். கடையில் கிடைப்பது எதுவும் அந்தப் பெட்டிக்குள் அடங்காததால், அரை மில்லிமீற்றர் பிசகாமல் அளந்து, படம் வரைந்து, கல்முனையில் உலோகம் வெட்டும் மெஷின் வைத்திருந்த வினோஜிடம் கொடுத்தான்.

முதல் புளொக்கே சரியாக அமைந்துவிட்டது. கம்பியூட்டர் முழு மூச்சில் இரண்டு மணித்தியாலம் ஓடியும் அறுபத்து மூன்று பாகைக்கு மேல் சூடு ஏறவில்லை. ஒரு சொட்டும் கசியவில்லை. சிபானா நாள் முழுக்க வரைந்தாள். அன்றே மசூர் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

இருக்கவில்லை. வினோஜுக்கு நன்றி சொல்லப் போனவன், வரும் வழியில் ஜவுபரின் கடையைப் பார்த்துத் தொலைத்தான்.

ஜவுபர் பள்ளிக்கூடத்தில் மசூருக்குப் பக்கத்து இருக்கை. கணக்குப் பாடத்தை மசூரைப் பார்த்தே எழுதுவான். ஒரு தவணைப் பரீட்சையில் மசூரின் பெயரையும் சேர்த்தே எழுதிவிட்டு அடி வாங்கியவன். அந்த ஜவுபருக்கு இப்போது பிரதான வீதியில் கண்ணாடி முகப்போடு ஒரு கம்பியூட்டர் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பியூட்டர். அதன் பக்கச்சுவரும் கண்ணாடி. உள்ளே பளபளவென்று ஒரு செம்பு புளொக், குழாய்களில் நீலத் தண்ணீர், கலியாண வீடு மாதிரி விளக்குகள். பெட்டியின் தலையில் சிவப்பு எழுத்தில் ஒரேயொரு எண்: 41.

மசூருக்கு நெஞ்சுக்குள் யாரோ கொச்சி மிளகாய் அரைப்பது போலிருந்தது. நாற்பத்தொன்று! அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்று போனால் இருபத்திரண்டு. கணக்கில் அவன் எப்போதுமே கெட்டிக்காரன்.

உள்ளே இருந்து ஜவுபர் கையைக் காட்டினான். மசூர் கட்டியிராத கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பி நேரே வினோஜின் பட்டறைக்கே மறுபடியும் போனான்.

"வினோஜ், கால்வாய இன்னும் மெல்லிசா, இன்னும் ஆழமா வெட்டணும்."

"ஏன் அண்ணன், நல்லா ஓடுது எண்டு இப்பதானே சொல்லிட்டுப் போனீங்க?"

"ஓடினாப் போதுமா?"

"இதுக்கு மேல ஆழமா வெட்டினா அடித்தகடு மெலிஞ்சு போயிரும். பிறகு கசியும்."

"கசிஞ்சா நான் பாத்துக்கிறன்."

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மேசை மூன்று தடவை நனைந்தது.

நான்காவது தடவை இயந்திரங்களுக்குப் பூசும் பசையைப் பூசிக் காய வைத்தான். கசிவு நின்றது. சூடு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. ஐந்து பாகை! மசூர் வாய்க்குள் பாட்டு முனகினான். யாரும் கேட்காமலே கொத்தமல்லி வாங்கவென்று கல்முனைக்குப் புறப்பட்டான்.

கண்ணாடிக்குப் பின்னால் 36.

கொத்தமல்லி இல்லாமலே திரும்பி வந்தான்.

"அவன் ஒவ்வொரு நாளும் திருத்திறான் சிபானா. நான் ஐஞ்சு குறைச்சா, அவனும் ஐஞ்சு குறைக்கிறான்."

"ஆரு?"

"ஜவுபர்தான்."

"அவர்ட மெஷின் அவருக்கு. என்ட மெஷின் இப்ப நிக்காம ஓடுது. பெருநாள் ஓர்டருக்கு ஆறு கரை வரையக் கிடக்கு. கையக் கட்டிக்கிட்டு இரிங்களன்."

கையைக் கட்டலாம், கண்ணை எங்கே கட்டுவது? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜவுபரே பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், நீயும் புளொக் ஒண்டு செய்றியாமே? வினோஜ் சொன்னான்."

"சும்மா, பொழுதுபோக்குக்கு."

"எப்பிடிப் போகுது?"

"போகுது."

"கடைப் பக்கம் வாவன். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம். எனக்கும் சில விசயம் கேக்கக் கிடக்கு."

நக்கல் அடிக்கிறான் என்று மசூர் முடிவு கட்டினான். இடது செருப்பு கிடைக்காமலே வண்டியில் ஏறினான்.

அடுத்து ரேடியேட்டரில் கை வைத்தான். பழைய லொறியொன்றின் ரேடியேட்டரைத் தேடிப் பிடித்து, கழுவி, சுவரோடு சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் மேசைக் காற்றாடியை நிறுத்தினான். அது குடிக்கும் அளவுக்குக் குழாய்த் தண்ணீர் போதாது என்று கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றினான். கடற்கரைக் கிணற்றின் உப்பும் லொறியின் பழைய துருவும் சேர்ந்து, மயிரிழைக் கால்வாய்களை ஒரே நாளில் அடைத்தன. சூடு எழுபத்தொன்றுக்கு ஏறியது. புளொக்கைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தான். அது சிபானாவின் பிரஷ் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றி ஓடவிட்டபோது நாற்பத்தொன்பது வந்தது.

சிபானா கதவடியில் நின்று அறையைப் பார்த்தாள். நடுவில் செங்கல்லளவு கம்பியூட்டர். அதைச் சுற்றி லொறியின் பாதி.

"இடம் பிடிக்காது எண்டுதானே சின்னக் கம்பியூட்டர் வாங்கின?"

"இடமா முக்கியம்? நாப்பத்தொன்பது!"

"எனக்குக் கால் நீட்ட இடமில்ல. இனி டிரைவர் சீட்டும் ஒண்டு கொண்டு வந்து போடுங்க, நான் ஏறி இருந்து வரையிறன்."

மசூர் கல்முனைக்குப் போய் வந்தான். வந்தவனின் முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது.

"இருபத்தொன்பது" என்றான்.

"சரி, அதுக்கென்ன?"

"விளங்குதில்லியா உனக்கு? இப்ப இந்த அறையிர சூடே முப்பத்திரண்டு. தண்ணி எவ்வளவு ஓடினாலும் அறைச்சூட்ட விடக் கீழ இறங்க ஏலாது. அது விஞ்ஞானம். ஏலவே ஏலாது!"

"அப்ப அவர் பொய் சொல்றார்."

"கண்ணாடிக்குள்ள எரியுது சிபானா. என்ட கண்ணால பாத்தன். அவன் என்னமோ கண்டுபிடிச்சிட்டான்."

"அப்பிடியெண்டா போய்க் கேளுங்களன். கூடப் படிச்ச ஆள்தானே?"

"அவன்ட்டக் கேக்கிறத விட, கடலுக்குள்ள போய்ச் சுறாவிட்டக் கேப்பன்."

பத்து நாளுக்கு மேல் மசூர் சரியாகச் சாப்பிடவில்லை. திருத்தக் கொடுத்தவர்களின் கம்பியூட்டர்கள் மூலையில் தூசு பிடித்தன. ஜவுபரின் நீலத் தண்ணீர் என்ன தண்ணீராக இருக்கும், யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், கணக்குத் தெரியாதவனுக்கு விஞ்ஞானம் எப்படித் தெரிந்தது என்று யோசித்து யோசித்து அவன் தலைதான் சூடேறியது. அதற்குப் புளொக் செய்ய ஆளில்லை. ஒருநாள் காலையில் கண்ணாடிக்குள் 17 என்று பார்த்ததும், நேரே கடற்கரை மீன் வாடிக்குப் போய் மீன் அடுக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு வந்தான்.

சிபானா மூக்கைப் பொத்தினாள்.

"அல்லாஹ்வே, என்ன இது? சூரை மீன் மணக்குது!"

"ஐஸ்தான். ரேடியேட்டர் இனித் தேவையில்ல. குழாய இதுக்குள்ளால விட்டாச் சரி. நீ வரை."

"கடைசிக் கரை இது. நாளைக்குத் திருத்தம் கேட்டு வருவாங்க. இத முடிச்சிட்டு..."

"நீ வரையிறதுக்குள்ள நான் முடிச்சிருவன்."

அவள் வரைந்தாள். அவன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது. முப்பத்தொன்று. இருபத்துநான்கு. வாசலில் மூன்று பூனைகள் வந்து உட்கார்ந்தன. இருபது. பதினேழு.

பதினாறு!

"பாத்தியா! பாத்தியா! ஒண்டு குறைய!" மசூர் துள்ளிக் குதித்து, அந்த எண்ணைக் கைபேசியில் படமெடுத்தான். படமெடுக்கக் குனிந்தபோதுதான் கவனித்தான். ஐஸ் போட்ட கிளாசுக்கு வெளியே வியர்ப்பது போலவே, குளிர்ந்த செம்பு முழுவதும் முத்துமுத்தாக வியர்த்திருந்தது. ஒரு முத்து பெருத்து, நழுவி, கீழே இருந்த மின்சுற்றுப் பலகையில் விழுந்தது.

'டிக்' என்று ஒரு சத்தம். மெல்லிய புகை. திரை கறுத்தது.

சிபானா ஏசவில்லை. பேனாவை மேசையில் வைத்தாள். அதுதான் மசூரைப் பயப்படுத்தியது.

அவன் படங்கள் சேமித்திருந்த ஞாபகத்தட்டைக் கழற்றி ஒரு பழைய மடிக்கணினியில் பொருத்திப் பார்த்தான். ஆறு கரைகளும் பத்திரமாக இருந்தன.

"அல்ஹம்துலில்லாஹ்! படம் ஒண்டும் போகல்ல" என்றான்.

"மெஷின்?"

"அது... மௌத்து."

"இந்தப் பழையதில ஒரு படம் திறக்கக் கால்மணித்தியாலம் எடுக்குது. திருத்தத்த நான் எதில செய்ற?" சிபானா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். குரல் அமைதியாகவே இருந்தது. "நாளைக்குப் போய் ஜவுபர்ட அந்த மெஷின வாங்கிட்டு வாங்க."

"ஜவுபர்ட மெஷினையா? நானா?"

"ஓம். ஊரிலயே நல்ல மெஷின் அதுதான் எண்டு ஒரு மாசமா என்ட காதுக்குள்ள ஓதினது நீங்கதானே?"

அடுத்த நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மசூர் ஜவுபரின் கடைப்படியில் ஏறினான். படி மூன்றுதான். ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கண்ணாடிக்குள் 16 எரிந்தது. நேற்று அவன் உயிரைக் கொடுத்துத் தொட்ட எண்ணை, ஜவுபர் சும்மா தொட்டுவிட்டிருந்தான்.

"வா மச்சான், வா!" ஜவுபர் எழுந்து வந்து கையைப் பிடித்தான். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"ஜவுபர், நான் சுத்தி வளைக்கல்ல. அந்த மெஷின் எனக்கு வேணும். சிபானாக்கு."

ஜவுபரின் முகம் மாறியது. "அதுவா? அது... இப்ப குடுக்க ஏலாது மச்சான்."

"வேற ஆருக்கும் பேசி வெச்சிட்டியா?"

"அப்பிடியில்ல."

"எனக்கு விளங்குது. நான் உன்ன மதிக்கல்ல எண்டு கோவம்." மசூர் கதிரையில் உட்கார்ந்தான். ஒரு மாதமாக உள்ளே அடைத்துக் கிடந்தது கசியத் தொடங்கியது. "நான் பொறாமைப்பட்டன், ஜவுபர். வெக்கத்த விட்டுச் சொல்றன். ராவு பகலா உன்ட புளொக்கத்தான் யோசிச்சன். உன்னத் தோக்கடிக்கப் போய்ப் பொண்டாட்டிர மெஷினக் கொண்டுட்டன். உன்ட வேலைக்குக் கிட்டயும் என்னால வர ஏலாது. நீ பெரிய ஆள்."

ஜவுபர் சட்டைக் கொலரை நிமிர்த்திவிட்டான். பெரிய ஆள் என்று அவனை இதுவரை யாரும் சொன்னதில்லை. மறுக்கவும் மனமில்லை, ஒப்புக்கொள்ளவும் வாய் வரவில்லை.

"நீ எத்தினை டிகிரிக்கு வந்த?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வெக்கக்கேடு. ஐஸ் இல்லாம, லொறி ரேடியேட்டர் இல்லாம, அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள ஐம்பத்தெட்டு."

"ஐம்பத்தெட்டா? முழுசா ஓடுற நேரமா?" ஜவுபரின் கண்கள் அகல விரிந்தன. "கசியாமலா?"

"சிரிக்காத மச்சான். அதுதான் சொல்றனே, நான் தோத்துட்டன் எண்டு. விலையச் சொல்லு, நான் அதக் கொண்டு போறன்."

அப்போது பக்கத்துத் தேத்தண்ணிக் கடை முகைதீன்பாவா இரண்டு கிளாஸ் பிளேன்டீயோடு உள்ளே வந்தார். கிளாஸ்களை மேசையில் வைத்துவிட்டு மசூரையும் கண்ணாடிப் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதையா கேக்கிறீங்க, தம்பி? இது இன்னும் ஒரு நாளும் ஓடினதில்லியே! எப்ப ஓடும், எப்ப ஓடும் எண்டு சனம் கேட்டுக் கரைச்சல் குடுக்குது எண்டுதானே, சீனாவில இரிந்து பம்ப் வர இன்னும் எத்தினை நாள் கிடக்கு எண்டு நம்பர் போட்டு வெச்சிரிக்கார்."