அரை இருட்டில் பெண் பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிறவன் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. ஜன்னலைச் சாத்துவது. நான் சாத்தினேன்.

ஐம்பதுகளின் கடைசி. புதுச்சேரியில் ஒரு கொட்டகையில் பிரெஞ்சுக் குற்றப் படங்கள் ஓடும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, நன்றி சொல்லும் 'மெர்சி'யோடு தீர்ந்துவிடும். அதனால் கதை புரியாது, நிழல் மட்டும் புரியும். அந்தப் படங்களில் ஒருத்தரும் விளக்கைப் போட மாட்டார்கள். தொப்பி போட்ட நாயகன் முகத்தில் ஜன்னல் நிழல் கோடு கோடாக விழும். சிரிக்கவே மாட்டான். ஓர் அழகி வருவாள், அவனைச் சீரழித்துவிட்டுப் போவாள். (இருபத்து நான்கு வயதில் எனக்கும் சீரழிய ஆசை. சீரழிக்கத்தான் ஆள் இல்லை!)

முத்தியால்பேட்டையில் பெண் பார்க்கக் கூப்பிட்டார்கள். பெண் கமலாவை ஏற்கெனவே கடைத்தெருவில் பார்த்துச் சொக்கிப்போயிருந்தேன். இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்ற நிலை. அவளை அசத்த, சைகோனிலிருந்து திரும்பிய பெரியப்பாவின் மழைக்கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு அப்பா, அம்மாவோடு கிளம்பினேன். சித்திரை மாதம், பகல் மூன்று மணி.

கூடத்தில் உட்கார்ந்ததும், "ஜன்னலைக் கொஞ்சம் சாத்திடுங்க," என்றேன். சாய்வான மரச்சட்டங்கள் அடுக்கிய ஜன்னல். அருமையாகக் கோடு விழுந்தது. தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டேன். கமலா காபித் தட்டோடு வந்தபோது எனக்குத் தெரிந்தது அவள் கொலுசு மட்டும்தான். காபிக்கு நீட்டிய கை, பக்கத்தில் குனிந்திருந்த அவள் அப்பாவின் காதைப் பிடித்தது.

அவர் என் அப்பாவிடம் எகிறினார். "ஏங்க, மாப்ளைக்கு வெளிச்சம் ஆவாதா? கண்ணுல கோளாறுன்னா முன்னாடியே சொல்றதில்ல? மறைச்சிக் கட்டி வெச்சிடலாம்னு பாத்தீங்களா?"

"கண்ணு நல்லாத் தெரியுங்க," என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"அப்ப அரிசியில கல்லு பொறுக்கச் சொல்லுங்கப்பா, தெரிஞ்சிடும்," என்றது கொலுசு.

ஜன்னல் திறந்தது. முறம் வந்தது. மழைக்கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓட, இரண்டு வீட்டாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, ஒரு படி அரிசியில் கல் பொறுக்கினேன். கடைசிக் கல்லை எடுத்து நிமிர்ந்தபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்த வாரமே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். ஆனால் அன்று வாங்கிய முறத்தை இன்றுவரை நான் கீழே வைக்கவில்லை. எங்கள் வீட்டில் கல் பொறுக்குவது என் வேலை. சாப்பிடும்போது ஒரு கல் கடிபட்டால் போதும், கமலா வாயைத் திறக்கும் முன்பே பேரப்பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள்: "தாத்தா, இன்னிக்கும் ஜன்னலைச் சாத்திட்டா பொறுக்குனீங்க?"