வியாழக்கிழமை இரண்டு மணி நேரம்

கம்போடிய எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத பின் யுவோங் மாநிலத்தில், செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் எழுத்தராக இருந்த ரோசாலி, ஊழியர் நலப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தாள். பக்கத்துப் பெருநகரின் சோலோன் பகுதியில் இருக்கும் மனநல நிபுணர் லானைப் பார்க்க வியாழன்தோறும் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி வேண்டும்.

மேலாளர் ராமாமிர்தம் மருத்துவச் சான்றிதழைப் படித்தார். "எல்லைநிலை ஆளுமைக் கோளாறு. எந்த எல்லைம்மா? கம்போடியாவா?"

"மனசுதான் சார். ஒரே நாள்ல ஆறு தடவை உலகம் முடிஞ்சுபோகும்."

தோழி போனை எடுக்காவிட்டால் கையைக் கீறிக்கொள்பவளாக இருந்தாள் ரோசாலி. லானிடம் போகத் தொடங்கிய எட்டு மாதமாக அது இல்லை.

"பேசினா சரியாகும்னு ஆதாரம் இருக்கா?"

லானின் கடிதத்தை நீட்டினாள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைகிறது; பலன் நடுத்தரம்; மேலும் ஆராய வேண்டும் என்றிருந்தது. ராமாமிர்தம் கடைசி மூன்று சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, தன்னையும் துணை மேலாளர் ஆதப்பனையும் கொண்ட ஆய்வுக் குழுவை அமைத்தார்.

"ஆராய்ச்சின்னா பாதிப் பேருக்குத்தான் சிகிச்சை கொடுப்பாக," என்றார் ஆதப்பன். "நம்மகிட்ட ஒரு ரோசாலிதான். அதனால ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போகட்டும்."

"போகாத வாரம் எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அதாம்மா ஆதாரம்."

ரோசாலிக்குக் காது மடல் சுட்டது. லான் பழக்கியபடி மூச்சை மெல்ல விட்டாள்.

"பாருங்க, கோபமே வரல. நோயே இல்ல," என்றார் ராமாமிர்தம்.

"சிகிச்சை பலிச்சிருச்சுன்னு எழுதுங்க," என்றார் ஆதப்பன்.

"எழுதறது என் அதிகாரம்," என்று ராமாமிர்தம் குரலை உயர்த்தினார்.

இருவருக்கும் சண்டை மூண்டு, கோப்பு ஒன்று பறந்தது. ரோசாலி, லான் சொல்லிக்கொடுத்தபடி, தன் காபியிலிருந்த ஐஸ்கட்டிகளை எடுத்து ஆளுக்கொன்று கையில் வைத்தாள். "ரெண்டு பேர் கோபமும் நியாயம்தான் சார். இதைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை மெதுவா விடுங்க." இருவரும் ஐஸ் நீர் சொட்டச் சொட்ட அடங்கினார்கள்.

மறுநாள் ஆணை வந்தது: "மேற்படி சிகிச்சையின் பலன் குழுவின் நேரடி அனுபவத்தில் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளது. எனவே குழு உறுப்பினர் இருவரும் வியாழன்தோறும் இரண்டு மணி நேரம் முன்னதாகச் செல்லலாம். அப்போது அவர்கள் பணியை, மனநிலை சீராக உள்ள ரோசாலி கவனிப்பார்."

வியாழனன்று குழு சிகிச்சைக்காகப் பியர் கடைக்குப் போனது. அவர்கள் தலை மறைந்ததும் ரோசாலியும் பஸ் பிடித்து லானிடம் போனாள். அடுத்த வியாழனும் போனாள். மேலாளர்களின் வேலையை யாருமே செய்யவில்லை என்பதை ஆறு மாதமாகியும் தொழிற்சாலையில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.