மத்தால் இரும்பு கடைந்தவர்

நுரை அண்ணாச்சியைப் போல முழு நம்பிக்கையோடு தோற்ற மனிதரை நான் திரிந்த எந்த ஊரிலும் கண்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றுவிட்டு ராஜபாளையத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். மத்து அவர் தோளில், பானை என் தலையில்.

ஓடையில் நின்று கறுப்பு மணலை அரித்தெடுத்து, இரும்பு உருக்கும் உலைக்குக் கொடுப்பது அவர் மனைவி பேச்சியின் பிழைப்பு. தண்ணீரிலேயே நின்று கால் வீங்கிப் புண்ணாகிவிட்டது. இன்னும் இறங்கினால் கால் தங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி ஆமணக்கெண்ணெயில் சவுக்காரம் காய்ச்சுபவர். ஒருநாள் பேச்சியின் சேலையை அலசும்போது, வெள்ளை மணல் அடியில் தங்க, கறுப்பு மணல் நுரையோடு மேலே வந்தது. சவுக்காரப் பிசுக்கு கறுப்பில் மட்டும் ஒட்டுகிறது, பிசுக்கு ஒட்டியதைத் தண்ணீர் நனைப்பதில்லை, அதனால் குமிழி தூக்கிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். அன்றே வீட்டு மத்தைப் பறிமுதல் செய்தார். கடைவது என் வேலை, கூலி சோறு. அந்த வீட்டு மோரைக் குடித்தால் வயிற்றுக்குள் துணி துவைக்கலாம்.

"ஏலே நுரை, இன்னைக்கு எம்புட்டு வெண்ணெய்?" என்று தெருவில் கேட்பார்கள்.

"ருசி பாக்க வாரியா?" என்பார்.

பானையில் கடைந்தால் நாளுக்கு ஒரு கைப்பிடிதான் தேறும். ஸ்ரீவில்லிபுத்தூர் உலைக்கார ராவுத்தர், இதைக் கண்ணால் பார்த்தால் பெரிய தொட்டி கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். பேச்சி நிழலில் உட்கார்ந்து நுரை வழிக்கலாம்.

மணல், சவுக்காரம், மத்து எல்லாம் சுமந்து போனோம். ராவுத்தர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கடைந்தேன். நுரையே இல்லை. சவுக்காரம் திரிந்து திப்பிதிப்பியாக மிதந்தது.

"மணலைக் குளிப்பாட்டவா இம்புட்டுத் தூரம் வந்திய?" என்றார் ராவுத்தர். "இனி மத்தோட வாசல் ஏறினா அது உலைக்குத்தான் போகும்."

பாதி வழியில் அண்ணாச்சி நின்றார். "தண்ணிதாம்ல. அது உப்புக் கெணறு. நம்ம ஓடைத் தண்ணியக் கொண்டாந்திருக்கணும்."

"திரும்பிப் போய்ச் சொன்னா கேப்பாவளா?"

"கேக்கமாட்டாவ. நட."

வீட்டில் பேச்சி, "நுரைச்சுதா?" என்றாள். அவர் மத்தைக் கழுவி அவளிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை, அவள் எழுமுன்பே அண்ணாச்சி அரிக்கும் தட்டோடு ஓடையில் நின்றார். அரிக்கத் தெரியாமல் கறுப்பு மணலையெல்லாம் பத்திரமாக ஓடைக்கே திருப்பிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கரைக்குப் போங்க அண்ணாச்சி" என்று தட்டை வாங்கிக்கொண்டேன்.

"ஏலே, தண்ணி குளிருமே."

எந்த ஊரிலும் ஒரு மாதம் தங்காத என் கால்கள், அந்த வருஷம் முழுக்க அந்த ஓடையில் நின்றன.