பதினொரு ஜமக்காளமும் ஒரு முழங்கையும்

இந்த வருஷம் ஒரு ஜமக்காளத்தைக்கூடத் தொடுவதில்லை! மே மாதம், ஏரியில் பனிக்கட்டி உருகி முடிந்த அன்று ஔலிஸ் எடுத்த சபதம் இது.

பின்லாந்தில் நடுக்கோடை விழா என்றால் ஏரிக்கரைக் குடில். குடில் என்றால் ஜமக்காளம். குளிர்காலம் முழுக்க மிதிபட்ட பதினொன்றையும் மனைவி சிர்க்கா படகுத்துறையில் விரிப்பாள். பைன் சோப்பையும் பிரஷ்ஷையும் புருஷன் கையில் திணிப்பாள். தேய்த்து முடித்தால்தான் சவுனா. அந்தச் சின்ன மர அறையில் சுட்ட கல்லில் தண்ணீரை ஊற்றி, ஆவியில் வெந்து, வெளியே ஓடி ஏரியில் குதித்து, கையில் ஒரு குளிர்ந்த பீர். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் மனுஷன் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளையும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"சிர்க்கா, வலது முழங்கை விண் விண்ணுன்னு தெறிக்குது."

"முந்தின வருஷம் முழங்கால். போன வருஷம் இடுப்பு. இப்ப முழங்கையா? வலி மேல ஏறிக்கிட்டே வருதே!"

"கேலி பண்ணாதே. காப்பிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியல."

"ஐயோ பாவம். தைலம் தேய்ச்சு விடட்டுமாங்க?"

முழங்காலும் இடுப்பும் அந்தத் தைலத்திடம்தான் தோற்றிருந்தன. பத்தே நிமிஷம் தேய்த்துவிட்டு, "சரியாப்போச்சு, எழுந்திருங்க" என்று பிரஷ்ஷைக் கொடுத்துவிடுவாள்.

"தைலத்துக்கெல்லாம் இது மசியாது. டாக்டர்தான்."

"அப்படின்னா டவுன்ல ஒரு வைத்தியம் இருக்காம். உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷின்ல சுத்த விட்டு, காயத்தை ஆத்துற தட்டணு நிறைஞ்ச பிளாஸ்மாவைத் தனியாப் பிரிச்சு, வலிக்கிற இடத்துலயே ஊசியாப் போடுவாங்களாம். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு அந்தக் கையால ஒரு வேலையும் செய்யக் கூடாதாம்."

இரண்டு வாரம்! அதுவும் டாக்டர் கையெழுத்தோடு! ஔலிஸுக்கு வாயெல்லாம் பல்.

"தேதி எப்ப கிடைக்கும்?"

"கேட்டுச் சொல்றேன்" என்றாள். மறுநாள், "விழாவுக்கு முந்தின நாள் வியாழக்கிழமைதான் காலியா இருக்காம். வேண்டாம்னா விட்டுடலாம்..."

"வேணும்! வேணும்!"

வியாழக்கிழமை டாக்டர் ஸ்கேன் கருவியை முழங்கையில் உருட்டினார். "பழைய கிழிசல் ஒண்ணு லேசாத் தெரியுது. ஊசி போட்டுடலாம்" என்றார். பொய்க்குச் சாட்சி கிடைத்த சந்தோஷம் ஊசி உள்ளே இறங்கும்வரை நிலைத்தது. பிறகு ஔலிஸ் போட்ட சத்தத்தில் வரவேற்பறையில் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

டாக்டர் கொடுத்த காகிதத்தில் முதல் வரியை மட்டும் படித்தார். 'இரண்டு வாரம் வலது கைக்கு ஓய்வு.' போதாதா? அப்படியே மடித்து சிர்க்காவிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை குடிலில் வலி ஆரம்பித்தது. நிஜ வலி. இத்தனை நாள் நடித்ததற்கெல்லாம் சேர்த்து வட்டியும் முதலுமாக வந்தது.

"சிர்க்கா, ஒரு வலி மாத்திரை கொடேன்."

"கூடாதுங்க. நம்ம வீட்ல இருக்கிற மாத்திரையைப் போட்டா வைத்தியமே வீணாயிடுமாம். ரெண்டாவது வரி."

"சரி, ஒரு பீராவது கொடு."

"ஒரு வாரத்துக்குக் கூடாது. மூணாவது வரி."

ஔலிஸ் திரும்பிப் பார்த்தார். சவுனாவின் புகைபோக்கியில் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. "நாலாவது வரி இருக்கா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"இருக்கே. ஒரு வாரம் சவுனா கூடாது."

தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் கிடையாது என்றால் நமக்கு எப்படி இருக்கும்? ஔலிஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சிர்க்கா, உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு வலியே இருந்ததில்ல! எல்லாம் ஜமக்காளத்துக்குப் பயந்து போட்ட வேஷம்! என்னை உள்ள விடு!"

"வலி பொய்யா இருந்தா என்னங்க, ஊசி நிஜந்தானே? டாக்டர் பேச்சைத் தட்டலாமா?" பிரஷ்ஷை எடுத்து மெதுவாக அவர் இடது கையில் வைத்தாள். "இந்தக் கையைப் பத்தி அவர் ஒரு வரிகூட எழுதலை. உட்காருறதுக்குத் துறையில போர்வை போட்டிருக்கேன்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஔலிஸ் சொந்த ரத்தத்திலேயே வைத்துக்கொண்டார்.

மூன்றாவது ஜமக்காளத்தைத் தேய்க்கும்போது சவுனாவிலிருந்து, விழாவுக்கு வந்திருந்த சிர்க்காவின் தங்கை ஹன்னெலேயின் குரல் வந்தது. "அக்கா, என்ன நிம்மதி! அத்தான் இருந்தா கல்லுல வாளி வாளியா ஊத்தி நம்ம தோலை உரிச்சிருப்பாரு. முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் நான் சூடு ஜாஸ்தியான மேல் பலகையில உட்கார்ந்திருக்கேன்!"

ஔலிஸின் இடது கை நின்றது. எழுந்துபோய், படியில் சிர்க்கா விட்டுப்போன டாக்டர் காகிதத்தை எடுத்தார். அதன் பின்னால் கிளினிக்கின் முன்பதிவுச் சீட்டு குத்தியிருந்தது.

பதிவு செய்த நாள்: மார்ச் 12.

மார்ச்சா? முழங்கை வலிக்க வேண்டும் என்று அவரே தீர்மானித்தது மே மாதத்தில்தானே! கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தார்.

வலிக்கும் இடம்: கணவர் முடிவு செய்ததும் தெரிவிக்கப்படும்.